தலைகீழாகத் தொங்குபவர் யார்? டாரோ 12-ஆம் சீட்டு பற்றிய வாசகர் கேள்வி பதில்

குறி சொல்லப் பயன்படும் 78 சீட்டுகள் கொண்ட டாரோ சீட்டுக்கட்டின் 12-ஆம் எண்ணுள்ள ‘ஹேங்டு மேன்’, அதாவது தொங்கும் மனிதன், என்ற ஒற்றைச் சீட்டைப் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இம்முறை பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் மகள் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, அடுத்த வேலைக்கான நேர்காணலின் முடிவை எதிர்பார்த்துக் காத்திருக்கிறாள். தோழியின் வீட்டில் விளையாட்டாக டாரோ சீட்டு எடுத்தபோது, மரத்தில் ஒற்றைக் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட ஒருவரின் படம் வந்ததாம். அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் அன்றிரவு உறக்கம் வரவில்லை. இது தூக்குத் தண்டனையைக் குறிக்கும் சீட்டா? உயிருக்கு ஆபத்து என்று பொருளா?
வாசகி, திருச்சி

பதில்: உங்கள் அச்சத்துக்கு முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன்: இல்லை. டாரோ பலன் சொல்லும் வழக்கில் இந்தச் சீட்டு உயிரிழப்பைக் குறிப்பதில்லை. மரணம் என்ற பெயரோடு 13-ஆம் எண்ணில் வேறொரு சீட்டு இருக்கிறது. அதையும்கூட உடலின் சாவாகக் கொள்ளாமல், வாழ்க்கையில் ஒரு கட்டம் முடிந்து மற்றொன்று தொடங்குவதாகவே பலன் சொல்பவர்கள் பெரும்பாலும் வாசிக்கிறார்கள். கலைத்து வைத்த 78 சீட்டுகளில் ஏதேனும் ஒன்று கைக்கு வந்தே தீரும் என்பதையும், அப்படி வந்த அட்டைக்கு நேர்காணல் நடத்திய நிறுவனத்தின் மனம் தெரிந்திருக்க வழியில்லை என்பதையும் எண்ணிப் பார்த்தால், உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது புரியும்.

வருங்காலத்தைச் சொல்லாத படத்துக்கும் பொருள் இருக்கலாம். உங்கள் மகள் பார்த்தது, இன்று உலகில் மிகுதியாகப் புழங்கும் ரைடர்-வெயிட் கட்டின் சீட்டாகத்தான் இருக்க வேண்டும். 1909 டிசம்பரில் லண்டனில் வில்லியம் ரைடர் அண்ட் சன் என்ற பதிப்பகம் அதை வெளியிட்டது. கருத்து ஆர்தர் எட்வர்ட் வெயிட் என்பவருடையது, ஓவியம் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண்மணியுடையது. வாய்ப்புக் கிடைத்தால் அச்சீட்டை அச்சமின்றி ஒருமுறை உற்றுப் பாருங்கள். கயிறு கழுத்தில் இல்லை, கணுக்காலில் இருக்கிறது. கட்டப்பட்ட கால் நேராக இருக்க, மற்றக் கால் முழங்காலில் மடங்கி அதன் பின்னால் குறுக்காகச் செல்கிறது. கைகள் முதுகுப்புறம் மறைந்திருக்கின்றன. மேலே நீலச் சட்டை, காலில் சிவப்பு உடை, பின்புலம் வெறும் சாம்பல் நிறம். தலையைச் சுற்றி, மேலைநாட்டுத் திருத்தொண்டர் ஓவியங்களில் காணும் மஞ்சள் ஒளிவட்டம். அவரைத் தாங்கும் மரமோ வெட்டி நட்ட தூக்குமரமாக இல்லாமல், தளிர்த்து இலைவிட்டு நிற்கிறது.

இவற்றில் மூன்று செய்திகளைக் கவனிக்குமாறு வெயிட் தம் விளக்க நூலில் வாசகருக்குச் சொல்கிறார். மரம் உயிருள்ள மரம் என்பது ஒன்று. முகத்தில் தெரிவது வேதனையன்று, ஆழ்ந்த லயிப்பு என்பது மற்றொன்று. உருவம் முழுவதும் நிறுத்திவைக்கப்பட்ட வாழ்வைக் காட்டுகிறதே தவிரச் சாவைக் காட்டவில்லை என்பது மூன்றாவது. பலன் என்ற தலைப்பில் அவர் கொடுத்திருக்கும் சொற்களும் ஞானம், முன்யோசனை, பகுத்தறியும் திறன், சோதனைகள், தியாகம், உள்ளுணர்வு என்ற வரிசையில்தான் செல்கின்றன. இன்று இந்தச் சீட்டைக் கண்டதும் எல்லோரும் முதலில் சொல்லும் ‘காத்திருத்தல்’ அந்தப் பட்டியலில் இல்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. நிறுத்திவைக்கப்பட்ட வாழ்வு என்ற அவருடைய மூன்றாவது குறிப்பிலிருந்து பின்வந்தவர்கள் வளர்த்தெடுத்த பொருளே அது. காத்திருக்கும் உங்கள் மகளுக்கு அது பொருத்தமாகத் தோன்றினால் தோன்றட்டும். அவள் சிரித்தது சரியான எதிர்வினைதான்.

கேள்வி: கழுத்தில் கயிறு மாட்டுவதை விட்டுவிட்டு ஒருவரை ஏன் ஒற்றைக் காலில் தொங்கவிட வேண்டும்? இணையத்தில் தேடினால், நார்வே நாட்டுக் கடவுளான ஓடின் மரத்தில் தொங்கித் தவம் செய்த கதை என்று சிலரும், தலைகீழாகச் சிலுவையில் அறையப்பட்ட புனித பேதுரு என்று சிலரும் எழுதுகிறார்கள். எது உண்மை?
வாசகர், மதுரை

பதில்: ஓடின் உலக மரத்தில் ஒன்பது இரவுகள் தொங்கி எழுத்துகளின் மறைபொருளை அடைந்ததாகப் பழைய நார்ஸ் பாடல் ஒன்று சொல்வது உண்மைதான். ஆனால் டாரோ சீட்டு பிறந்த இடம் வட இத்தாலி. காலம் 1440-ஐ ஒட்டியது. அங்கிருந்த ஓவியர்கள் ஸ்காண்டிநேவியப் புராணத்தை வரைந்தார்கள் என்று கொள்ள எந்தச் சான்றும் இல்லை, அப்படிக் கொள்ளவோ பேதுருவைத் தேடவோ வேண்டிய தேவையும் இல்லை. ஏனெனில் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கும் மனிதனின் படத்தை அந்நகரங்களின் மக்கள் தெருச்சுவர்களிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இத்தாலிய நகர அரசுகளில் ஒரு விசித்திரமான தண்டனை இருந்தது. நாட்டைக் காட்டிக்கொடுத்துவிட்டு ஓடியவர், பொதுப்பணத்தைக் கையாடியவர், கடனைக் கட்டாமல் ஊரைவிட்டு மறைந்தவர் ஆகியோர் கைக்குக் கிடைக்காதபோது, அவர்களுடைய உருவத்தை அரசே கூலி கொடுத்து நீதி மாளிகையின் வெளிச்சுவரில் வரையச் செய்யும். பெரும்பாலும் காலில் கட்டித் தலைகீழாகத் தொங்குவது போல வரைந்து, அடியில் பெயரையும் குற்றத்தையும் எழுதிவைப்பார்கள். ஆள் அகப்படாவிட்டாலும் அவருடைய மானம் ஊர் நடுவே தொங்கும். குடும்பப் பெயரே முதலாக இருந்த வணிகச் சமூகத்தில் இது கற்பனை செய்ய முடியாத அளவுக்குக் கொடிய தண்டனை. தேர்ந்த ஓவியர்களும் இந்த வேலையிலிருந்து தப்பவில்லை. 1440-இல் அங்கியாரிப் போருக்குப் பின், ஃபுளோரன்ஸ் நகரத்தின் துரோகிகளை நீதி மாளிகைச் சுவரில் தொங்கும் நிலையில் வரைந்த ஆந்திரேயா தெல் காஸ்தாஞ்ஞோவுக்கு ‘தூக்கிலிடப்பட்டோரின் ஆந்திரேயா’ என்ற பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. 1478-இல் மெதிச்சி குடும்பத்துக்கு எதிரான சதியில் ஈடுபட்டவர்களை வரைந்தவர் போத்திசெல்லி. இந்தச் சுவரோவியங்கள் அழிந்துபோயின. ஆனால் 1529, 1530-இல் ஃபுளோரன்ஸ் முற்றுகையின்போது இதே வேலைக்காக ஆந்திரேயா தெல் சார்தோ பழகிப் பார்த்த கோட்டோவியங்கள் உஃபீசி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒற்றைக் காலில் தொங்கும் உடல்களைப் பார்த்தவர்களுக்கு, சீட்டில் இருப்பவர் எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்கத் தோன்றாது.

சீட்டுகளும் இதையே உறுதிசெய்கின்றன. பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ள 15-ஆம் நூற்றாண்டுச் சீட்டு ஒன்றில், தொங்குபவர் இரண்டு கைகளிலும் பணப்பைகளைப் பிடித்திருக்கிறார். முப்பது வெள்ளிக் காசுக்கு ஆசானைக் காட்டிக்கொடுத்த யூதாசை நினைத்து வரைந்தார்களோ, கருவூலத்தைச் சுரண்டிய அதிகாரியை நினைத்து வரைந்தார்களோ, எப்படியிருந்தாலும் அவர் தவசியோ தியாகியோ அல்லர். பழைய இத்தாலியப் பட்டியல்கள் சிலவற்றில் இந்தச் சீட்டின் பெயரே ‘துரோகி’ என்றுதான் இருக்கிறது.

இதில் மிகவும் சுவையான பகுதி மிலான் அரச குடும்பத்தைச் சேர்ந்தது. நமக்குக் கிடைத்திருக்கும் பழைய கட்டுகளில் புகழ்பெற்றது விஸ்கோந்தி-ஸ்ஃபோர்சா கட்டு. மிலான் கோமகனான பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சாவுக்காக 1450-ஐ ஒட்டிப் பொன்தாள் ஒட்டிக் கையால் தீட்டப்பட்டது. 78-இல் 74 சீட்டுகள் இன்றும் எஞ்சியிருக்கின்றன. அவை நியூயார்க்கின் மார்கன் நூலகத்திலும், பெர்கமோவின் கர்ராரா கலைக்கூடத்திலும், அதே ஊரின் கொல்லியோனி குடும்பத்திடமும் பிரிந்து கிடக்கின்றன. தொங்கும் மனிதனும் அவற்றில் ஒருவர். அந்தப் பிரான்செஸ்கோவின் தந்தை முசியோ அத்தெந்தோலோ ஸ்ஃபோர்சா ஒரு கூலிப்படைத் தலைவர். அவர் அணி மாறி நேப்பிள்ஸ் மன்னரின் பக்கம் போனதற்காக, அப்போது போப் பதவிக்கு உரிமை கொண்டாடிய இருபத்துமூன்றாம் ஜான், 1412-இல் ரோம் நகரத்தின் பாலங்களிலும் வாயில்களிலும் அவரைத் துரோகியாகத் தலைகீழாகத் தொங்கும் கோலத்தில் வரையச் செய்தார். தந்தை அப்படித் தொங்கிய நினைவு அறாத ஒரு குடும்பத்தில், அரண்மனைப் பெண்களும் ஆண்களும் பொழுதுபோக்காக ஆடும் சீட்டுக்கட்டில் அதே கோலம் பொன்பூச்சுடன் இடம்பெற்றிருக்கிறது. அவர்கள் அதைக் கண்டு கூசினார்களா, அல்லது நகைத்தார்களா? ஊர் இகழ்ச்சியைத் தாண்டி ஆட்சியையே பிடித்துவிட்ட குடும்பத்துக்கு அந்தச் சீட்டு கொஞ்சம் தித்தித்திருக்கும் என்பது என் ஊகம்.

இந்தக் கோலத்தின் பொருள் பின்னாளிலும் மறைந்துவிடவில்லை. 1945 ஏப்ரல் 29-ஆம் நாள் முசோலினியின் உடலைக் காலில் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்ட இடமும் அதே மிலான் நகரம்தான்.

கேள்வி: டாரோ என்பது பண்டைய எகிப்தியக் குருமார்கள் தங்கள் ஞானத்தைப் படங்களாக ஒளித்துவைத்த நூல் என்றும், அதனால்தான் தொங்கும் மனிதனின் பொருள் இவ்வளவு மர்மமாக இருக்கிறது என்றும் ஒரு காணொளியில் கேட்டேன். அது சரியா?
கல்லூரி மாணவர், சென்னை

பதில்: சரியன்று, ஆனால் அந்தக் கதை எங்கே தொடங்கியது என்பது தெளிவாகத் தெரியும். பாரிஸ் நகரத்தில் வாழ்ந்த கூர் தெ ழெபெலான் என்ற பாதிரியார், ஒரு பெண்மணியின் வீட்டில் சிலர் டாரோ ஆடிக்கொண்டிருந்ததைக் கண்டதாகவும், கால் மணி நேரத்துக்குள் அந்தப் படங்களெல்லாம் எகிப்தியச் சின்னங்கள் என்று தாம் கண்டுபிடித்துவிட்டதாகவும் 1781-இல் எழுதினார். எகிப்தியச் சித்திர எழுத்துகளைப் படிக்கும் வழியைப் பிரெஞ்சு அறிஞர் சாம்போலியோன் உலகுக்கு அறிவித்தது 1822-இல்தான். படிக்கவே தெரியாத மொழியிலிருந்து மொழிபெயர்ப்பது எளிதான வேலை, மறுத்துப் பேச ஆள் இருக்க மாட்டார்கள்.

நம் சீட்டைப் பற்றி அவர் சொன்னது அழகான கற்பனை. நீதி, வலிமை, தன்னடக்கம் என்ற மூன்று அறங்களுக்கும் டாரோவில் சீட்டுகள் உண்டு. மேலைநாட்டு மரபில் இவற்றோடு நான்காவதாக எண்ணப்படும் விவேகத்துக்கு மட்டும் சீட்டு இல்லை. எனவே 12-ஆம் சீட்டுதான் விவேகமாக இருந்திருக்க வேண்டும் என்றும், ஒரு காலை ஊன்றி மறு காலை எங்கே வைப்பது என்று தூக்கியபடி எண்ணமிடும் மனிதனை அறியாத அச்சுத் தொழிலாளி தலைகீழாக அச்சிட்டுவிட்டான் என்றும் அவர் முடிவு கட்டினார். சில நூறு ஆண்டுகளாகத் தலைகீழாகவே வரையப்பட்டு வந்த படத்தை அச்சுப்பிழை என்று சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

இருந்தாலும் அவருக்கு நாம் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறோம். சூதாட்டமேசைக்கு உரிய துரோகியின் படத்தை முதன்முதலாக ஓர் அறத்தின் உருவமாகப் பார்க்கத் தூண்டியவர்களில் அவர் முன்னோடி. அவருக்குப் பின் எத்தெய்லா என்ற புனைபெயரில் எழுதிய அலியெத் டாரோவைக் குறி சொல்லும் கருவியாக்கினார். 1850-களில் பிரெஞ்சு மறைஞானியான எலிஃபாஸ் லெவி சீட்டுகளை எபிரேய எழுத்துகளோடும் மாந்திரீகத்தோடும் இணைத்தார். 1888-இல் லண்டனில் தோன்றிய ‘கோல்டன் டான்’ என்ற மறைஞானச் சங்கம் அதைப் பாடத்திட்டமாகவே வகுத்தது. வெயிட்டும் பமேலாவும் அந்தச் சங்கத்தின் வழியில் வந்தவர்கள். மர்மம் சீட்டில் தொடக்கத்திலேயே இருந்ததன்று; 1781 முதல் 1909 வரையிலான ஏறத்தாழ 130 ஆண்டுகளில் ஒவ்வொரு கையாக ஏற்றியது.

கேள்வி: முருங்கை மரத்தில் தலைகீழாகத் தொங்கும் வேதாளத்துக்கும் இந்தச் சீட்டுக்கும் தொடர்பு உண்டா?
வாசகர், கும்பகோணம்

பதில்: வரலாற்றுத் தொடர்பு இல்லை. ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், வேதாளத்தைவிடக் காரைக்கால் அம்மையாரை நினைப்பது பயனுள்ளதாக இருக்கும். கயிலை மலையைக் காலால் மிதிக்கக் கூசித் தலையால் நடந்து ஏறியவர் என்று சேக்கிழார் அவரைப் பாடுகிறார். அந்தத் தலைகீழ் நிலை அவரே தேர்ந்துகொண்டது. இத்தாலியச் சுவரில் தொங்கியவருக்கு அதை ஊர் விதித்தது. 12-ஆம் சீட்டை வாசிப்பதில் உள்ள முதன்மையான சிக்கலும் இதுவே. அடுத்த கடிதத்துக்கான பதிலில் அதை விரிவாகச் சொல்கிறேன்.

கேள்வி: நான் சில ஆண்டுகளாக டாரோ பலன் சொல்லி வருகிறேன். அண்மையில் ஒரு பெண்மணி வந்தார். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் தம் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட மறுத்ததால், பிறந்த வீட்டார் அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டார்கள். உறவினர் வீட்டு விசேஷங்களுக்கும் அழைப்பு இல்லை. அவருக்கு இந்தச் சீட்டு வந்தது. தியாகமும் விட்டுக்கொடுத்தலும்தான் இதன் பொருள் என்று நான் கற்றிருந்தபடி சொன்னேன். ‘இன்னும் எதைத்தான் நான் விட்டுக்கொடுக்க வேண்டும்?’ என்று கேட்டுவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். நான் வாசித்தது தவறா?
வாசகி, கோயம்புத்தூர்

பதில்: புத்தகத்தின்படி நீங்கள் சொன்னது சரி. புத்தகம் பாதியைத்தான் சொல்கிறது என்பதுதான் என் கருத்து. இப்போது புழங்கும் கையேடுகள் பெரும்பாலும் 1909-க்குப் பிந்தைய படத்திலிருந்து மட்டும் பொருளை எடுத்துக்கொள்கின்றன. அந்தப் படத்தில் ஒளிவட்டம் இருக்கிறது, தளிர்த்த மரம் இருக்கிறது. ஆகவே அவர் விரும்பித் தொங்குகிறார், எதையோ உயர்ந்த ஒன்றுக்காகத் தம்மைக் கொடுக்கிறார் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் கைகளைக் கவனியுங்கள். அவை அப்போதும் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. தாமாகவே மடித்துக்கொண்டவையா, கட்டப்பட்டவையா என்று படத்திலிருந்து சொல்ல முடியாது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பிரான்சில் மரக்கட்டை அச்சில் வெளிவந்த மார்சேய் வகைச் சீட்டுகளைப் பார்த்தால் ஐயம் இன்னும் கூடும்: அங்கே ஒளிவட்டம் கிடையாது, கிளைகள் தறிக்கப்பட்டு மொட்டையாக நிற்கும் இரண்டு மரங்களுக்கு நடுவே குறுக்குக் கட்டையில் அவர் தொங்குகிறார். அந்தப் பழைய முகங்களிலும் அலறலோ துடிப்போ இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமைதி 1909-இல் புதிதாக வந்ததன்று. அப்போது புதிதாக வந்தது அந்த அமைதிக்குக் கொடுத்த புனிதம்.

இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் வருபவரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, ‘எதை விட்டுக்கொடுப்பீர்கள்?’ என்பதன்று, ‘உங்களைக் கட்டித் தொங்கவிட்டது யார்?’ என்பதே. நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ளப் பதவி உயர்வை வேண்டாமென்று சொன்ன ஒருவர், ‘நானேதான்’ என்று பதில் சொல்லக்கூடும். அவரிடம் தியாகத்தைப் பற்றியும் லயிப்பைப் பற்றியும் பேசலாம். உங்களிடம் வந்த பெண்மணியின் நிலை வேறு. அவர் செய்தது தம் உரிமையைக் கேட்டது; அதைத் துரோகம் என்று பெயரிட்டு, கூடிப் பேசும் இடங்களிலெல்லாம் அவருடைய படத்தைத் தலைகீழாக வரைந்து வைத்திருப்பவர்கள் அவருடைய உறவினர்கள். 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியர் ஒருவர் இந்தச் சீட்டைப் பார்த்திருந்தால் உடனே புரிந்துகொண்டிருக்கக்கூடிய பொருள் அது. அப்படி வாசித்திருந்தால், ‘ஊர் உங்களைப் பார்க்கும் கோணமும் நீங்கள் உலகைப் பார்க்கும் கோணமும் எதிரெதிராக இருக்கின்றன, ஆனாலும் உங்கள் முகத்தில் கலக்கம் இல்லையே, அது எதனால்?’ என்று கேட்டிருப்பீர்கள். அவர் எழுந்து போயிருக்க மாட்டார், பேசியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். பெண்களுக்கு இந்தச் சீட்டு வரும்போதெல்லாம் ‘பொறுத்துக்கொள்ளுங்கள், விட்டுக்கொடுங்கள்’ என்று சொல்லும் வழக்கம் டாரோவிலிருந்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சொல்பவரின் வீட்டிலிருந்து வந்தது அது. வெயிட் கொடுத்த சொற்களில் தியாகம் ஒன்றுதான், பகுத்தறியும் திறன் அதற்கு முன்பே நிற்கிறது. பத்திரத்தைப் பற்றிய முடிவுக்கு அவர் பார்க்க வேண்டியவர் ஒரு வழக்கறிஞர் என்பதை நீங்களும் சொல்லியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி: சீட்டு தலைகீழாக வந்தால் பலன் மாறும் என்கிறார்கள். இந்தச் சீட்டைத் தலைகீழாக்கினால் தொங்குபவர் நேராக நிற்கிறாரே! அப்படியானால் பலன் நல்லதாகிவிடுமா?
வாசகர், சேலம்

பதில்: நல்ல கவனிப்பு. திருப்பிப் பிடித்தால் அவர் ஒற்றைக் காலில் நடனமாடுபவரைப் போலத் தெரிவார். மேலே சொன்ன பாரிஸ் பாதிரியாரின் கற்பனையும் அங்கிருந்துதான் பிறந்திருக்கும். வெயிட் தலைகீழ் நிலைக்குக் கொடுத்த பொருள் மூன்று: தன்னலம், கூட்டம், குடிமக்களின் திரள். முதலாவது எளிதாகப் புரிகிறது, தியாகத்தின் எதிர்ப்பக்கம். மற்ற இரண்டையும் வெயிட் விளக்காமல் விட்டுவிட்டார், கையேடுகளும் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் கடந்துவிடுகின்றன. எனக்கு அவை பொருளுள்ளவையாகவே படுகின்றன. தனியாகத் தலைகீழாகத் தொங்கியவரை நிமிர்த்திவிட்டால் அவர் எல்லோரையும் போல நிற்கிறார், எல்லோரும் பார்ப்பதையே பார்க்கிறார். அதாவது கூட்டத்தில் ஒருவராகிவிடுகிறார். அது நல்லதா கெட்டதா என்பது அவரவர் நிலையைப் பொறுத்தது. நெடுநாள் ஒதுக்கிவைக்கப்பட்டவருக்கு மீண்டும் ஊரோடு சேர்வது ஆறுதலாக இருக்கலாம். தம் கொள்கைக்காக நின்றவருக்கு அதுவே தோல்வியாக இருக்கலாம். தலைகீழ்ப் பலனே பார்க்காமல் எல்லாச் சீட்டுகளையும் நேராக வைத்து வாசிப்பவர்களும் பலர் உண்டு.

கேள்வி: படத்தை வரைந்த பமேலா கோல்மன் ஸ்மித்தின் பெயர் ஏன் கட்டின் பெயரில் இல்லை? இந்தச் சீட்டில் அவருடைய பங்கு எவ்வளவு?
ஓவிய ஆசிரியை, புதுச்சேரி

பதில்: பதிப்பாளர் பெயரும் எழுதியவர் பெயரும் நிலைத்து, வரைந்தவர் பெயர் உதிர்ந்துபோனது அந்தக் காலத்து வழக்கம், இப்போது பலர் ரைடர்-வெயிட்-ஸ்மித் என்றே சொல்கிறார்கள். 1878-இல் லண்டனில் பிறந்து, சிறு வயதில் ஜமைக்காவில் வாழ்ந்து, நியூயார்க்கின் பிராட் கலைப்பள்ளியில் பயின்று, நாடக மேடைகளுக்காக உழைத்தவர் அவர். 1909 நவம்பரில், ஒளிப்படக் கலைஞர் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், மிகச் சொற்பப் பணத்துக்கு மிகப் பெரிய வேலை ஒன்றை முடித்திருப்பதாக அவர் குறிப்பிட்டார். அந்த வேலைதான் இந்தக் கட்டு.

சிறு எண்ணுள்ள 40 சீட்டுகளுக்கும் காட்சிகளை அமைத்ததில் அவருக்குப் பெரும் சுதந்திரம் இருந்திருக்க வேண்டும். ஆனால் 12-ஆம் சீட்டு அப்படியன்று. பெண் குரு, பித்தன், தொங்கும் மனிதன் ஆகிய மூன்று சீட்டுகளுக்கும் ஓவியருக்குக் கருத்தைக் கரண்டியால் ஊட்ட வேண்டியிருந்தது என்று வெயிட் தம் முதுமையில் நினைவுகூர்ந்தார். சொல்லும் தொனி எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும் செய்தி பயனுள்ளது: மரம் ஆங்கில ‘T’ எழுத்து வடிவில் சிலுவையாக நிற்பதும், மடங்கிய கால்கள் ஸ்வஸ்திகத்தை ஒத்த வடிவம் காட்டுவதும், ஒளிவட்டமும் வெயிட் கேட்டு வாங்கியவை. அந்தச் சாம்பல் வெறுமையும், மேடை விளக்கில் நிற்கும் நடிகரைப் போல உருவம் தனித்துத் துலங்குவதும் நாடகம் அறிந்த கையின் வேலை என்று நான் எண்ணுகிறேன். சீட்டின் வலக்கோடியில் பாம்பைப் போல நெளியும் அவருடைய கையொப்ப எழுத்துகளை மாணவர்களுக்குக் காட்டுங்கள்.

கேள்வி: இந்தச் சீட்டுக்கு நீர் என்ற பூதத்தை ஒதுக்கியிருக்கிறார்களே, படத்தில் ஒரு துளி நீர்கூட இல்லையே?
வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: படத்தில் தேடிப் பயனில்லை. கோல்டன் டான் சங்கத்தார், எண்ணிட்ட 21 படச்சீட்டுகளும் பித்தனும் சேர்ந்த 22 பெரிய சீட்டுகளுக்கும் 22 எபிரேய எழுத்துகளை ஒதுக்கினார்கள். 12-ஆம் சீட்டுக்கு ‘மேம்’ என்ற எழுத்து விழுந்தது, அந்த எழுத்துக்கு உரியது நீர். அதே சீட்டுக்கு லெவி ‘லாமெத்’ என்ற வேறு எழுத்தைக் கொடுத்திருந்தார். கணக்கை ஓர் எழுத்து தள்ளித் தொடங்கினால் நீர் வேறு சீட்டுக்குப் போய்விடும்.

கேள்வி: டாரோ முதலில் ஒரு விளையாட்டு என்று எழுதுகிறீர்கள். இன்றும் யாராவது அதை விளையாடுகிறார்களா? அங்கே தொங்கும் மனிதன் வந்தால் என்ன ஆகும்?
பள்ளி மாணவி, திருநெல்வேலி

பதில்: பிரான்ஸ், இத்தாலி, ஆஸ்திரியா நாடுகளில் இன்றும் விரும்பி விளையாடுகிறார்கள். நம் ஊரில் துருப்புச் சீட்டு வைத்து ஆடும் ஆட்டங்களின் உறவுதான் அது. எண்ணிட்ட 21 படச்சீட்டுகளும் நிரந்தரத் துருப்புகள், பித்தன் மட்டும் தனி விதிக்கு உட்பட்டவன். மறைஞானம் ஏறிய பின்னாலும் இது விளையாட்டாகத்தான் பிறந்தது என்பதை ஆக்ஸ்ஃபோர்டுத் தத்துவப் பேராசிரியர் மைக்கேல் டம்மெட் 1980-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் நிறுவினார். இத்தாலியின் பொலோஞ்ஞா நகரத்தில் 62 சீட்டுகளோடு ஆடும் கட்டில் தொங்கும் மனிதனின் படம் இன்னும் இருக்கிறது. பிரான்சில் ஆடும் 78 சீட்டுக் கட்டில் அவர் இல்லை. பழைய உருவங்களை எடுத்துவிட்டு அன்றாட வாழ்க்கைக் காட்சிகளை அச்சிட்டுவிட்டார்கள். அங்கே 12-ஆம் துருப்பு 11-ஐ வெல்லும், 13-இடம் தோற்கும். வேறு எதுவும் ஆகாது.